வாளுக்கு ஒரு வயது, பிடிக்கு ஒரு வயது

வாள் என்றதும் நமக்கெல்லாம் சினிமாதான் முதலில் ஞாபகம் வரும். பளபளவென்று மின்னும் இரும்பு, தங்க நிறத்தில் பிடி, உறையிலிருந்து உருவும்போது 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம்! ராஜா சாகும்வரை அதே வாள்தான். பிறகு அவர் மகன் கைக்கு அப்படியே போகும்.

உண்மையான வாள்களின் கதை இப்படி இல்லை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய வாளைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வாளின் வயது என்ன என்று கேட்டால் ஒரே பதில் சொல்வது கஷ்டம். அலகுக்கு (வெட்டுகிற இரும்புப் பகுதி) ஒரு வயது இருக்கும். பிடிக்கு வேறு வயது இருக்கும். உறை இன்னும் இளையதாக இருக்கும். சில நேரம் அலகு பிறந்தது ஒரு நாட்டில், பிடி பிறந்தது இன்னொரு நாட்டில்!

பழைய வாளுக்குப் புதுப் பிடி போடுவது, துருப்பிடித்த அலகைச் சீர் செய்வது, இவற்றின் வரலாறுதான் இந்தக் கட்டுரை. கேட்க ரொம்பச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் இதன் வழியாக எங்கள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து வரலாற்றில் ஒரு பெரிய கேள்விக்குப் போகலாம். படைமுகாமின் பெயரையே ஊர்ப்பெயராக வைத்திருக்கும் எங்கள் ஊரில், அரிவாளுக்குப் பிடி போடத் தெரிந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். வாளுக்குப் பிடி போடும் தொழில் மட்டும் எங்கே போனது?

மட்கும் பிடி, நிற்கும் இரும்பு

முதலில் பிடி ஏன் மாறுகிறது என்று பார்ப்போம். காரணம் எளிமையானது. பிடி மரத்தால், கொம்பால், தந்தத்தால் ஆனது. வியர்வை படும், வெயிலில் வெடிக்கும், கரையான் அரிக்கும். ஒரு பிடி ஆடத் தொடங்கிவிட்டால் அந்த வாளை நம்பிச் சண்டைக்குப் போக முடியாது. ஆனால் அலகு அப்படி இல்லை. எண்ணெய் போட்டு வைத்தால் பல தலைமுறை நிற்கும். அதனால் பிடியை மாற்றுவார்கள், அலகை வைத்துக்கொள்வார்கள்.

இதற்குப் பெரிய ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம். கிராமத்தில் ஒரு விவசாயியைக் கேளுங்கள். ஒரே அரிவாளுக்கு நாலு பிடி மாற்றியிருப்பார். ஆனாலும் "இது எங்க தாத்தா அரிவா" என்றுதான் சொல்வார். அவர் கணக்கில் அரிவாள் என்பது இரும்புதான்.

அகழாய்விலும் இதைத்தான் பார்க்கிறோம். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டியபோது தாழிகளோடு ஏராளமான இரும்புப் பொருட்கள், ஆயுதங்கள் கிடைத்தன. எங்கள் ஊருக்குத் தெற்கே தென்காசி மாவட்டத்துத் திருமலாபுரத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் எட்டு அடி நீளத்துக்கு மேல் ஓர் இரும்பு ஈட்டி கிடைத்ததாக 2025ல் செய்தி வந்தது. சிவகளை தாழிகளில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். இப்படி மண்ணுக்குள் இருந்து வரும் ஆயுதங்களில் பெரும்பாலும் இரும்பு மட்டும்தான் மிச்சம். மரம் மண்ணோடு மண்ணாகப் போய்விடுகிறது.

ஆகவே ஒரு பழைய வாளில் பிடி மாறியிருந்தால் அதை 'போலி' என்று ஒதுக்கக் கூடாது. பிடி மாறியது அந்த வாள் உபயோகத்தில் இருந்ததற்கு அடையாளம்.

அரக்கு செய்யும் வேலை

சரி, அலகும் பிடியும் எப்படிச் சேர்கின்றன? அலகின் அடிப்பாகம் ஒல்லியாகி ஒரு வால் மாதிரி நீளும். அந்த வால்தான் பிடிக்குள் போகிறது.

ஐரோப்பிய வாள்களில் இந்த வால் நீளமாக இருக்கும். பிடி முழுவதையும் கடந்து, கடைசியில் இருக்கும் குமிழுக்கு வெளியே வந்து, அங்கே சுத்தியால் தட்டி மடக்கப்பட்டிருக்கும். கழற்ற வேண்டுமென்றால் பெரிய வேலை.

நம் நாட்டு 'தல்வார்' வகை வளைந்த வாள்களில் கதை வேறு. பிடி இரும்பால் ஆனது, உள்ளே கூடு மாதிரி காலியாக இருக்கும். அலகின் வால் குட்டையானது. கூட்டுக்குள் உருக்கிய அரக்கை, ஏதாவது பொடி கலந்து நிரப்பி, வாலைச் செருகி ஆறவிடுவார்கள். அவ்வளவுதான்! அரக்கு இறுகியதும் கல் மாதிரி பிடித்துக்கொள்ளும். சண்டையில் வாங்குகிற அதிர்ச்சியைத் தாங்கும்.

இதில் ஒரு பெரிய வசதி உண்டு. அரக்கு சூட்டில் இளகும். சுமார் 75, 80 டிகிரி செல்சியஸ் வந்தாலே நெகிழ ஆரம்பித்துவிடும். பிடியை மெதுவாகச் சூடாக்கினால் அலகு சேதமில்லாமல் கழன்று வந்துவிடும். ஆனால் கடினமாக்கப்பட்ட எஃகு சுமார் 200 டிகிரியைத் தாண்டினால் தன் கடினத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கத் தொடங்கும். முதலில் வைக்கோல் மஞ்சள் நிறம் வரும், 300 டிகிரி பக்கம் நீலம் வரும். நீலம் வந்த இடத்தில் அலகு பழைய பலத்தில் இருக்காது. 80க்கும் 200க்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்குள்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் அலகின் மேல் ஈரத்துணி சுற்றி, பிடிக்கு மட்டும் சூடு காட்டுவார்கள். தெரியாதவர்கள் நேராக அடுப்பில் காட்டிவிடுவார்கள்.

அரக்கால் ஒட்டியதை மீண்டும் கழற்றலாம், மீண்டும் ஒட்டலாம். இன்றைக்கு உலகம் முழுவதும் அருங்காட்சியகங்களில் பழைய பொருளைச் சீர் செய்பவர்கள் சொல்லும் முதல் விதி, 'நாளைக்கு இன்னொருவர் கழற்ற முடியாத எதையும் செய்யாதே' என்பது. பழைய வாள் தொழிலாளிக்கு அந்த வசதி கையிலேயே இருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம்

இப்போது கொஞ்சம் கிழக்கே போய்ப் பார்ப்போம். பர்மா, மலேயா என்று பிழைக்கப் போய்த் திரும்பிய குடும்பங்கள் நம் தென்மாவட்டங்களில் ஏராளம். அந்த நாடுகளின் வாள்களும் இதே வழியில்தான் கட்டப்பட்டிருக்கின்றன என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பர்மா, சயாம் பக்கத்து வாளுக்கு 'தா' என்று பெயர். கைக்காப்பு கிடையாது. பிடி உருளையாக, கம்பு மாதிரி நீளமாக இருக்கும். ஆனால் உள்ளே போகும் வால் குட்டை. அதைப் பிடித்து வைத்திருப்பது மரப்பிசினோ அரக்கோதான். இருநூறு வருடத்துக்குப் பிறகு பிசின் காய்ந்து பொடியாகிவிட்டால் பிடி கையோடு வந்துவிடும். பழைய 'தா' அலகுகள் பல பிடியில்லாமல் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஜாவா, மலாய் நாடுகளின் 'கிரிஸ்' பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும் குத்துவாள் (நேரான கிரிஸ்களும் உண்டு). 2005ல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் அரிய மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. 2008ல் அதன் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. கிரிஸில் பிடி நிரந்தரமாக ஒட்டப்படுவதில்லை. வாலைச் சுற்றித் துணியோ முடியோ சுற்றி இறுக்கமாகச் செருகுவார்கள். வேண்டும்போது திருகி எடுத்துவிடலாம். ஜாவாக்காரர்கள் பிடியையும் உறையையும் கிரிஸின் 'உடுப்பு' என்றே சொல்வார்களாம். ஆள் அதே ஆள், சட்டைதான் மாறுகிறது!

அங்கே வருடத்துக்கு ஒருமுறை, ஜாவா நாட்காட்டியின் முதல் மாதமான 'சுரோ'வில், கிரிஸ்களைக் குளிப்பாட்டும் சடங்கு உண்டு. நாம் ஆயுத பூஜைக்குக் கத்தி, சுத்தியல் எல்லாம் கழுவிச் சந்தனம் வைப்பது போல. துருவைப் போக்க இளநீரில் ஊறவைப்பார்கள், எலுமிச்சையால் தேய்ப்பார்கள். பிறகு பாஷாணம் கலந்த எலுமிச்சைச் சாற்றைப் பூசுவார்கள். இரும்பு கறுத்துப்போகும், நடுவில் மடித்து அடித்த நிக்கல் கலந்த அடுக்குகள் மட்டும் வெள்ளிக்கோடாக நிற்கும். அந்தக் கோலத்துக்குப் 'பமோர்' என்று பெயர். (பாஷாணம் கொடிய விஷம். யாரும் வீட்டில் முயற்சி செய்து பார்க்க வேண்டாம்.)

ஜப்பானியர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். அலகைக் கண்ணாடி போலத் தீட்டுவார்கள், ஆனால் பிடிக்குள் இருக்கும் வாலின் துருவைத் தொடவே மாட்டார்கள். அந்தத் துருவின் நிறத்தை வைத்துத்தான் வாளின் வயதைக் கணிக்கிறார்கள். வாலில் மூங்கில் ஆணி போடும் துளை இருக்கும். ஒன்றுக்கு மேல் துளைகள் இருந்தால் வாள் குறைக்கப்பட்டு, வேறு பிடி போடப்பட்டிருக்கிறது என்று புரிந்துகொள்வார்கள். பிடிக்குள் மறைந்திருக்கும் வால் என்பது அந்த வாளின் ஜாதகம்!

தஞ்சாவூரில் சேர்ந்த ஜெர்மன் இரும்பு

இப்போது நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் பிடி மாற்றிய வாள்களுக்கு மிகச் சிறந்த உதாரணம் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலை.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் போர்ச்சுகீசியர்களும் பிறகு வந்த மற்றவர்களும் கப்பலில் கொண்டுவந்த சரக்குகளில் வாள் அலகுகளும் உண்டு. ஜெர்மனியின் சோலிங்கன் போன்ற ஊர்களில் செய்த அலகுகள். நம் நாட்டுக் கொல்லர்கள் அவற்றுக்கு நம் ஊர்ப் பிடியைப் போட்டார்கள். இப்படிப்பட்ட வாளுக்குப் 'பிரங்கி' என்று பெயர் வந்தது. பரங்கிக்காய், பரங்கிமலை எல்லாம் எந்தப் பரங்கியோ அதே பரங்கிதான்.

ஐரோப்பிய அலகு நீளமானது, வளைந்து கொடுக்கக் கூடியது. நம் பிடியில் நிற்க வேண்டுமென்றால் ஒரு பலம் வேண்டும். அதற்காகப் பிடியிலிருந்து இரண்டு பக்கமும் இரும்புப் பட்டைகளை அலகின் மேல் நீட்டி ஆணி அடித்தார்கள். தஞ்சாவூர்க் கட்டாரிகளில் உடைந்த ஐரோப்பிய வாளின் துண்டே அலகாக இருப்பதைப் பார்க்கலாம். நல்ல இரும்பு உடைந்தாலும் தூக்கி எறியவில்லை. வாளாக இருந்தது கட்டாரியாக மறுபிறவி எடுத்தது.

நம் நாட்டில் நல்ல எஃகு இல்லையா என்று கேட்காதீர்கள்! மூசையில் உருக்கிச் செய்த தென்னிந்திய எஃகுதான் 'வூட்ஸ்' என்ற பெயரில் உலகம் முழுவதும் பேசப்பட்டது. 1795ல் லண்டனில் ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். பிறகு மைக்கேல் ஃபாரடேயே அதில் சோதனைகள் செய்தார். இருந்தாலும் நம் அரசர்கள் நல்ல அலகு எங்கிருந்து வந்தாலும் வாங்கினார்கள். அலகுக்கு அவர்கள் ஊர் பார்க்கவில்லை.

இதற்கு ஒரு புது உதாரணமும் இருக்கிறது. நாகபுரி ரகுஜி போன்ஸ்லே ஞாபகம் இருக்கிறதா? 1740ல் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியைத் தோற்கடித்து, 1741ல் திருச்சியைப் பிடித்துச் சந்தா சாகிபைச் சிறை எடுத்த மராட்டியப் படையின் தளபதி. அவர் பெயர் பொறித்த வாள் ஒன்று 2025 ஏப்ரலில் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. மகாராஷ்டிர அரசு அதை வாங்கி அதே வருடம் ஆகஸ்டில் மும்பைக்குக் கொண்டுவந்தது. அதன் பிடி மராட்டியப் பாணி. பொறித்திருக்கும் எழுத்து தேவநாகரி. அலகு ஐரோப்பாவில் செய்தது! அதற்காக யாரும் 'இது நம் வாள் இல்லை' என்று சொல்லவில்லை.

தஞ்சாவூருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1855ல் இரண்டாம் சிவாஜி வாரிசில்லாமல் இறந்ததும் ஆங்கிலேயர் அந்த அரசை எடுத்துக்கொண்டார்கள். ஆயுதசாலையில் ஆயுதங்கள் குவியலாகக் கிடந்தன. 1860களில் அவற்றில் நல்லதாகத் தோன்றியவற்றைப் பொறுக்கிச் சென்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டு, மீதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்ஹவுஸ் என்பவர் 1878ல் இதைப் பற்றி வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். தப்பித்தவற்றைத்தான் இன்று எழும்பூரில் பார்க்கிறோம்.

எங்கள் பக்கத்து வாள்கள்

'பாளையம்' என்றால் படை தங்கும் இடம். ராஜபாளையம் என்ற பெயரிலேயே அது இருக்கிறது. விஜயநகரக் காலத்தில் வடக்கேயிருந்து வந்த ராஜுக்கள் குடியேறிய ஊர். எங்கள் ஊர் வேட்டை நாய் உலகப் பிரசித்தம்! சுற்றிலும் பார்த்தால் சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி, தலைவன்கோட்டை எல்லாமே பாளையங்கள். கொஞ்சம் தெற்கே போனால் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர் கோட்டை. இந்த வட்டாரத்தில் எத்தனை வாள் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவர்கள் ஆண்டாளைச் சேவித்துவிட்டுப் பால்கோவா வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அடுத்த தடவை போகும்போது கோயிலின் நாயக்கர் காலத்துத் தூண் சிற்பங்கள் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். வீரபத்திரர் கையில் இருக்கும் ஆயுதங்களைப் பாருங்கள். பிடி எப்படிச் செதுக்கப்பட்டிருக்கிறது, விரல்கள் எப்படிச் சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று பாருங்கள். அலகை மட்டும் தருகிறது மண், பிடியோடு சேர்த்துக் காட்டுகிறது கல். பழைய பிடி எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள நம் பக்கத்தில் இருக்கும் நல்ல சாட்சி இந்தச் சிற்பங்கள்தான்.

கல்லில் இருக்கிறது. வீடுகளில் ஏன் இல்லை?

1783ல் கர்னல் ஃபுல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிவிட்டு சிவகிரிக்கு வந்தார். 1799 அக்டோபர் 16ல் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். அதைத் தொடர்ந்து பாளையக்காரர்கள் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று மேஜர் பானர்மன் உத்தரவு போட்டார். 1801ல் ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் நடத்திய போர் முடிந்ததும், அந்த வருடம் டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் (ராபர்ட் கிளைவின் மகன்) ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென்பாளையங்களில் மக்கள் ஆயுதம் வைத்திருக்கும் வழக்கத்தையே ஒழிப்பது அதன் நோக்கம். 1803ல் பாளையக்காரர்கள் ஜமீன்தார்களாக மாற்றப்பட்டார்கள். வாள் பிடித்த கை கிஸ்தி கட்டும் கையானது. 1878ல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது.

இந்தத் தேதிகளை நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். போரும் தூக்கும் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் இந்த உத்தரவுகளால் ஒரு தொழிலும் நின்றது என்பதை யாரும் கேள்வித்தாளில் கேட்பதில்லை. வாள் வைத்திருப்பவன் இல்லையென்றால் வாளுக்குப் பிடி போடுபவனுக்கு என்ன வேலை? அலகைச் சூடு காட்டிக் கழற்றுவது, அரக்குக் கலவை, எந்த அலகுக்கு எந்தப் பிடி, இதெல்லாம் புத்தகத்தில் இருந்த அறிவு இல்லை. அப்பா கையிலிருந்து மகன் கைக்கு வந்த அறிவு. கேட்டு வருகிறவர்கள் நின்றதும் அதுவும் நின்றது.

அரிவாள் தப்பித்தது, ஏனென்றால் அது விவசாயக் கருவி. கருப்பசாமிக்கும் அய்யனாருக்கும் நேர்ந்துகொண்டு கோயிலில் நட்டுவைக்கும் அரிவாளும் தப்பித்தது, ஏனென்றால் அது சாமியுடையது. மிச்சம் இருக்கும் திறமையெல்லாம் இந்த இரண்டில்தான் ஒளிந்துகொண்டிருக்கிறது. கொல்லர் பட்டறையில் அரிவாளின் வாலைப் பழுக்கக் காய்ச்சி மரப்பிடியின் துளையில் இறக்கிப் பூண் போட்டு இறுக்குவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஒரு பழைய அலகு கிடைத்தால்...

இதெல்லாம் படித்துவிட்டு என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? பரணில் ஒரு பழைய பெட்டி, அதற்குள் பிடியில்லாத ஒரு துருப்பிடித்த அலகு. தாத்தா பர்மாவிலிருந்து கொண்டுவந்ததாக இருக்கலாம், இல்லை அவருக்கும் முந்தையதாக இருக்கலாம். நம்மில் பலர் செய்யும் முதல் காரியம் சாணை பிடிக்கக் கொடுப்பது. 'பளபளன்னு ஆக்கிக் கொடுங்க!'

அதைச் செய்யாதீர்கள். சாணைச் சக்கரம் ஐந்து நிமிடத்தில் அழிப்பதை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அலகின் மேல்பரப்பில் முத்திரை இருக்கலாம், எழுத்து இருக்கலாம். வூட்ஸ் எஃகாக இருந்தால் நீரலை மாதிரி ஒரு கோலம் இருக்கும், ஆனால் துருவுக்குக் கீழே அது கண்ணுக்குத் தெரியாது. பழைய காலத்தில் அன்னபேதி போன்ற இரும்பு உப்புகளைப் பூசித்தான் அந்தக் கோலத்தை வெளியே கொண்டுவந்தார்கள். சாணையின் சூடு வேறு முனையை நீலமாக்கிவிடும்.

புளி போட்டுத் தேய்ப்பதும் பித்தளைக் குடத்துக்குச் சரி, இதற்குச் சரியில்லை. புளியும் எலுமிச்சையும் அமிலம். துருவைத் தின்றதும் இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். ஜாவாக்காரர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, நேரம் பார்த்து, கழுவித் துடைத்து உலர்த்தி எண்ணெய் போடுவதால் அவர்களுக்குக் கெடுதல் வருவதில்லை. நாம் ராத்திரி ஊறப்போட்டுவிட்டுத் தூங்கிவிடுவோம்!

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் நாலு பக்கமும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள், நீளம் அகலம் எழுதிக்கொள்ளுங்கள். உதிரும் செந்துருவை எண்ணெய் விட்டு ஊறவைத்து, இரும்பைவிட மெதுவான பொருளால், மூங்கில் சிம்போ கொம்புத் துண்டோ, சுரண்டுங்கள். கருப்பாக ஒட்டியிருக்கும் பழைய படலத்தை விட்டுவிடுங்கள், அது இரும்புக்குச் சட்டை. வாலைத் தேய்க்கவே வேண்டாம். அதில் துளைகள் இருந்தால் எண்ணிக்கொள்ளுங்கள். பழைய பிடியின் துண்டு, பூண், உலர்ந்த அரக்குத் துகள் எது கிடைத்தாலும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

புதுப் பிடி போடத்தான் வேண்டும் என்றால் மூன்று விஷயம். வாலில் புதிதாகத் துளை போடக் கூடாது. வாலை ராவிப் பிடிக்குள் பொருத்தக் கூடாது, பிடியைத்தான் வாலுக்கு ஏற்றபடி குடைய வேண்டும். கடையில் கிடைக்கும் இரண்டு டியூப் பசையை ஊற்றக் கூடாது, அரக்கே போதும். பிடி புதியது என்று தேதியோடு ஒரு சீட்டும் எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த தலைமுறை ஏமாறக் கூடாது அல்லவா?

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் 1972ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள். அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது என்றால் 1878ஆம் வருடப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கூர்மையான நீள வாள் வைத்திருப்பதற்கு 1959ஆம் வருட ஆயுதச் சட்டமும் உண்டு, சில பகுதிகளில் அனுமதி வேண்டியிருக்கும். சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் கேட்பது நல்லது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழைய உலோகப் பொருட்களைக் காப்பாற்றவென்றே 1930களிலிருந்து ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. டாக்டர் எஸ். பரமசிவன் அங்கே தொடங்கிய வேலை இந்தியாவுக்கே முன்னோடி.

கடைசியாக

தஞ்சாவூரில் உடைத்து விற்ற வாள்களை எடைபோட்டவர்களுக்கு அவை வெறும் இரும்பு. துருப்பிடித்தது, பிடி ஆடுகிறது, எதற்கு ஆகும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் ஆடுகிற பிடியைக் கழற்றிப் பார்த்திருந்தால் உள்ளே ஒரு சோலிங்கன் முத்திரையோ, யாரோ ஒரு கொல்லன் வெட்டிய அடையாளமோ இருந்திருக்கும். அந்த முத்திரைகளை இனி யாரும் படிக்க முடியாது.

அதே தவறை ஒரு சாணைச் சக்கரத்தால் வீட்டுக்கு வீடு நாமும் செய்துவிட வேண்டாம். பிடி போனால் போகட்டும், இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். நம் தாத்தாக்கள் அப்படித்தான் செய்தார்கள். அலகை மட்டும் விட்டுவிடக் கூடாது.

உங்கள் ஊர்ப் பக்கம் கொல்லர் பட்டறையில் வயதானவர்கள் யாராவது அரக்கு வைத்துப் பிடி இறுக்கும் பழைய முறையைத் தெரிந்து வைத்திருந்தால், தயவுசெய்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள் நண்பர்களே. 1801ல் நின்றுபோன தொழிலின் மிச்சம் அவர்கள் கையில்தான் இருக்கிறது.